உஷார்! நோன்பு மாதத்தில் அரபு நாட்டுக்குப் பெட்டி கட்டுகிறவர்களே!

விசா வந்துவிட்டதா? டிக்கெட் போட்டாச்சா? திருச்சியிலிருந்துதானே ஏறுகிறீர்கள்? ரொம்பச் சந்தோஷம். ஆனால் போய் இறங்குகிற தேதியைப் பார்த்தீர்களா? அது ரமலான் மாதத்தில் விழுகிறதா?

விழுகிறதென்றால் பெட்டியை அப்படியே வைத்துவிட்டு இதைப் படியுங்கள். வீட்டில் அம்மா இருந்தால் அவரும் கேட்கட்டும்.

ஒரு வாய் தண்ணீரால் வேலை போகும்!

பயமுறுத்தவில்லை. நம்ம பக்கத்துப் பையனுக்கே நடந்திருக்கிறது. பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். ஆவுடையார்கோவிலுக்கும் மீமிசலுக்கும் நடுவில் ஒரு கிராமம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டிப்ளமோ முடித்துவிட்டு அறந்தாங்கியில் ஏசி மெக்கானிக்காக இருந்தவன். குவைத்தில் வேலை என்று ஏஜென்ட் சொன்னதும் அம்மாவின் தோடும் சங்கிலியும் அடகுக் கடைக்குப் போயின. மீதிப் பணம் வட்டிக்கு. போய் இறங்கிக் கொஞ்ச நாளிலேயே அங்கே நோன்பு தொடங்கிவிட்டது.

ஒரு மத்தியானம் வேலை முடித்துவிட்டு பஸ் ஸ்டாப்பில் நிற்கிறான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட்டையும் தண்ணீர் பாட்டிலையும் எடுத்திருக்கிறான். பக்கத்தில் வெள்ளைத் திஷ்தாஷா அங்கி போட்ட ஒரு பெரியவர். அவர் கையை ஆட்டி அரபியில் என்னமோ சொன்னார். இவனுக்குப் புரியவில்லை. சிரித்தான். சிரித்துக்கொண்டே பிஸ்கட் பாக்கெட்டை அவர் பக்கமும் நீட்டினான்.

பெரியவர் முகம் கறுத்துவிட்டது. போனை எடுத்தார். சுர்த்தா, அதாவது போலீஸ், வண்டி வந்து நின்றது.

பத்தாக்கா, அதாவது அடையாள அட்டை, கேட்டார்கள். புதிதாகப் போனவன், அட்டை இன்னும் கைக்கு வரவில்லை. பாஸ்போர்ட் கம்பெனியில். ஒரு நகல்கூடப் பையில் இல்லை. ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் போனையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். அரசு அலுவலக வேலைகளைப் பார்க்கும் கம்பெனி ஆளான மந்தூப்புக்குத் தகவல் போய், அவர் நோன்பு திறந்து, தொழுகை முடித்து வருவதற்குள் ராத்திரி ஆகிவிட்டது. வந்து பேசி, எழுதிக் கொடுத்து, வெளியே கொண்டுவந்தார். வழக்கு எதுவும் போடவில்லை.

ஆனால் கம்பெனி விடவில்லை. சோதனைக் காலம் முடிவதற்கு முன்பே விசாவை ரத்து செய்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

நகை இன்னும் அடகில்தான் இருக்கிறது. வட்டி ஏறுகிறது. "எம்புள்ள யாரையும் ஒரு வார்த்த பேசமாட்டான்க்கா. பிஸ்கட்டுதானக்கா தின்னான்" என்று அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இதில் கொடுமை என்ன தெரியுமா? அவன் முஸ்லிம்களோடு பழகாத பையன் இல்லை. நன்றாகப் பழகியவன். அந்தப் பழக்கம்தான் அவனைக் கவிழ்த்தது.

மீமிசல், கோபாலப்பட்டினம், கோட்டைப்பட்டினம், அம்மாபட்டினம், இந்தப் பக்கம் அறந்தாங்கி. சுற்றிலும் பாய் வீடும் பாய் கடையும் நடுவில் நாமும்தான். மாமா, மச்சான் என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். கூடப் படித்தவன் நோன்பு வைத்திருப்பான், இவன் பக்கத்தில் உட்கார்ந்து பரோட்டா பிய்த்துப் போடுவான். "நீ சாப்புடு மாப்ள, எனக்கு ஒண்ணுமில்ல" என்பான் அவன். சாயங்காலம் பள்ளிவாசலிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி நம்ம தெருவுக்கும் வரும். அந்தக் கஞ்சிக்கு 2001-லிருந்து தமிழக அரசே பள்ளிவாசல்களுக்கு அரிசி கொடுக்கிறது. இப்படி வளர்ந்த பிள்ளை, அரபு நாட்டு நோன்பும் கோட்டைப்பட்டினத்து நோன்பும் ஒன்று என்று நினைத்துத்தானே விமானம் ஏறுவான்?

ஒன்று இல்லை! இங்கே பாய் ஒன்றும் சொல்லாமல் விடுவது அவருடைய பெருந்தன்மை. அங்கே பல நாட்டில் அது சட்டம், தண்டனை, போலீஸ்.

குவைத்தில் 1968-லிருந்தே இதற்கென்று தனிச் சட்டம் இருக்கிறது, 44-ஆம் எண் சட்டம். நோன்பு நேரத்தில் பொது இடத்தில் சாப்பிட்டால், குடித்தால், 100 தினார் வரை அபராதம், ஒரு மாதம் வரை சிறை. இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். 100 தினார் என்பது நம்ம காசில் கால் லட்சத்துக்கு மேல்! இன்னொன்றையும் கவனியுங்கள். சாப்பிட்டவரோடு நிற்காது. சாப்பிடத் தூண்டியவர், உதவியவர் மேலும் அந்தச் சட்டம் பாயும். நண்பனுக்கு சிகரெட் பற்ற வைத்துக் கொடுத்தாலும் வம்புதான்.

ஓமானில் 2018-இல் வந்த தண்டனைச் சட்டம், 277-ஆம் பிரிவு. குறைந்தது 10 நாள், அதிகம் 3 மாதம் சிறை. கத்தாரில் மூன்று மாதம் வரை சிறை அல்லது 3,000 ரியால் வரை அபராதம். சவுதியிலோ, முஸ்லிம் அல்லாத வெளிநாட்டவர் நோன்பை மதிக்காமல் வெளியிடத்தில் சாப்பிட்டால், குடித்தால், புகைத்தால் வேலையும் போகும், நாட்டை விட்டும் அனுப்புவோம் என்று உள்துறை அமைச்சகமே 2014-இல் அறிவித்தது. "நான் இந்து, எனக்கு நோன்பு இல்லையே" என்பது அங்கே பதில் ஆகாது. நோன்பு வைக்கச் சொல்லி யாரும் உங்களைக் கட்டாயப்படுத்தப் போவதில்லை. கண்ணெதிரில் சாப்பிடாதே என்பதுதான் விதி.

"துபாயில் இதெல்லாம் எப்பவோ போச்சு" என்று ஒருவர் சொல்வார். நம்பாதீர்கள்! பாதிதான் உண்மை. 1987-இல் எழுதிய அமீரகத் தண்டனைச் சட்டத்தில் இதற்கு ஒரு மாதம் வரை சிறை அல்லது 2,000 திர்ஹம் வரை அபராதம் என்று இருந்தது. ஹோட்டல்களெல்லாம் பகலில் திரை போட்டு மறைத்துத்தான் சோறு போடும். 2021-இல் துபாய் அந்தத் திரையை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இப்போது துபாய் மால்களில் பகலில் உட்கார்ந்து சாப்பிடலாம். அது ஹோட்டலுக்கு உள்ளே! தெருவில் நடந்துகொண்டே ஷவர்மா தின்னலாம் என்று யாரும் சொல்லவில்லை. அதோடு நம்ம பிள்ளைகளில் பலர் வேலை பார்ப்பது துபாய், தூங்குவது ஷார்ஜா. ஷார்ஜா வேறு எமிரேட், அங்கே கெடுபிடி அதிகம். நோன்புப் பகலில் சாப்பாடு விற்கக் கடைக்காரர் தனி அனுமதி வாங்க வேண்டும். மது அங்கே வருஷம் முழுக்கவே கிடையாது. துபாயில் வாங்கின பாட்டிலை வண்டியில் போட்டுக்கொண்டு ஷார்ஜாவுக்குள் நுழைகிற துணிச்சல் எந்த மாதத்திலும் வேண்டாம். நோன்பில் வேண்டவே வேண்டாம்.

ஒரு நாட்டில் நண்பன் பார்த்த பழக்கத்தை வைத்து இன்னொரு நாட்டில் நடக்காதீர்கள். மாட்டுகிற பிள்ளைகளில் பலர் மாட்டுவது இப்படித்தான்.

எதெல்லாம் 'சாப்பிடுவது' என்று கேட்கிறீர்களா? சோறு மட்டும் என்று நினைக்காதீர்கள். தண்ணீர், டீ, சிகரெட், சூயிங்கம் எல்லாமே சேர்த்தி. வெற்றிலை போடுகிற அப்பத்தாக்கள் மகனைப் பார்க்க விசிட் விசாவில் போகிறார்களே, அவர்களுக்கு இதை யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள். வாய் அசைந்தாலே பார்க்கிறவருக்குச் சாப்பிடுவதுதான். துப்பினால் அதற்குத் தனியாக அபராதம்.

கார் உங்கள் வீடு இல்லை! கண்ணாடி வழியாக வெளியே தெரிகிறது, சாலையில் நிற்கிறது, அது பொது இடம்தான். சிக்னலில் நின்றுகொண்டு பாட்டிலைத் தூக்காதீர்கள். பஸ், டாக்ஸி, மாடிப்படி, லிப்ட், கட்டட வாசல், கடற்கரை, பார்க் எதுவும் பத்திரமில்லை. கதவு சாத்திய உங்கள் அறை, கம்பெனி ஒதுக்கித் தந்திருக்கிற சாப்பாட்டு இடம், அனுமதியோடு திறந்திருக்கிற ஹோட்டலின் உள்ளே. இவைதான் இடம்.

விடியலுக்கு முந்தைய ஃபஜ்ரு பாங்கிலிருந்து சூரியன் மறையும்போது சொல்கிற மஃரிபு பாங்கு வரைக்கும் இந்தக் கட்டுப்பாடு. கிட்டத்தட்ட பதின்மூன்று மணி நேரம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை, பிரஷர் இருக்கிறவர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். மரியாதை என்று நினைத்துக்கொண்டு மாத்திரையைத் தள்ளிப் போடாதீர்கள். வெயிலில் ஏணியில் நிற்கிறவர், சாரத்தில் நிற்கிறவர் தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது. மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு? அமீரகத்தில் மத்தியான வெயிலில் வெளிவேலைக்குத் தடை இருப்பது ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரைக்கும்தான். நோன்பு இப்போது அந்த மாதங்களில் வருவதில்லை. அதனால் போன முதல் நாளே ஃபோர்மேனிடம் கேட்டுவிடுங்கள்: "தண்ணி எங்க குடிக்கலாம்? சாப்பாட்டு ரூம் எது?" கேட்பதில் வெட்கம் வேண்டாம். இப்படிக் கேட்பவனைத்தான் அங்கே நல்ல பிள்ளை என்று நினைப்பார்கள். கேட்காமல் சிமெண்ட் மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து மறைந்து குடிப்பவன்தான் கண்ணில் படுவான்.

இவ்வளவு கட்டுப்பாடா என்று சலிப்பு வரலாம். ஒன்று யோசித்துப் பாருங்கள். நம்ம ஆவுடையார்கோவில் ஆத்மநாதர் கோயிலில் புழுங்கலரிசிச் சோற்றை வடித்து, கொதிக்கக் கொதிக்கப் படைகல்லில் கொட்டுகிறார்கள். ஆவி மேலே எழும்புகிறது. அந்த ஆவிதான் சாமிக்கு நைவேத்தியம். லிங்கம் இல்லாத சந்நிதியில் அத்தனை பேரும் கைகூப்பி நிற்கிற அந்த நேரத்தில், வெளியூர்க்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் கறுக் மொறுக்கென்று தின்றால் நமக்கு வயிறு எரியுமா எரியாதா? அவர் கெட்டவர் இல்லை, தெரியாமல்தான் செய்கிறார். ஆனாலும் எரியும். அங்கே ஒரு ஊர் முழுக்க, ஒரு மாதம் முழுக்க, அப்படி நிற்கிறது.

வாய் மட்டும்தான் ஆபத்து என்று நினைக்காதீர்கள். கையில் இருக்கிற போன் அதைவிட ஆபத்து!

2020 ஏப்ரல் நினைவிருக்கிறதா? கொரோனா நேரம். நோன்பு தொடங்கச் சில நாள்தான் இருந்தது. அமீரகத்தில் இருந்த இந்தியர் சிலர் முஸ்லிம்களைப் பழித்து ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் எழுதினார்கள். ஊரில் ஓடிய வெறுப்பை அங்கே உட்கார்ந்து பகிர்ந்தார்கள். பலருக்கு வேலை போனது. கடைசியில் அங்கிருந்த இந்தியத் தூதர் பவன் கபூரே முன்வந்து, பாகுபாடு நம் பண்புக்கும் விரோதம், சட்டத்துக்கும் விரோதம், அமீரகத்தில் இருக்கிற இந்தியர்கள் இதை மறக்கக் கூடாது என்று பொதுவெளியில் எச்சரிக்க வேண்டி வந்தது. நல்ல படிப்பு, நல்ல சம்பளம் உள்ளவர்களும் அதில் இருந்தார்கள். நம்ம பிள்ளைகள் எந்த மூலை?

ஆகவே ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் வருகிற மதச் சண்டை, கிண்டல், மீம்ஸ் எதையும் அங்கிருந்து தொடாதீர்கள். நோன்பைப் பற்றிய 'காமெடி' ரீல்ஸ் போடாதீர்கள். தொழுகையில் நிற்கிறவரைப் படம் எடுக்காதீர்கள். பர்தா போட்ட பெண்ணின் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. தங்குகிற கேம்ப் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு குத்துப்பாட்டு வேண்டாம். பாட்டுக் கேட்க வேண்டுமா, காதில் மாட்டிக்கொள்ளுங்கள்.

ஊரிலிருந்து கூப்பிடுகிற அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. குவைத் நமக்கு இரண்டரை மணி நேரம் பின்னால், துபாய் ஒன்றரை மணி நேரம் பின்னால். நீங்கள் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வீடியோ கால் போடும்போது அவன் நோன்பாளிகளோடு பஸ்ஸில் இருப்பான். "சாப்ட்டியா தம்பி? என்ன சாப்ட்ட? காட்டு" என்று ஸ்பீக்கரில் கேட்காதீர்கள். ராத்திரி கேட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது பணம். இதை யாரும் சொல்வதே இல்லை. உஷார்!

நோன்பு மாதம் தர்ம மாதம். எல்லோரும் கொடுப்பார்கள். அதனாலேயே வசூலிலும் கண் வைத்திருப்பார்கள். அமீரகத்தில் அனுமதி இல்லாமல் நன்கொடை திரட்டுவது 2021-இல் வந்த சட்டப்படி குற்றம். லட்சத்துக்கு மேல் திர்ஹம் அபராதம் போடுகிற சட்டம் அது. ஊர்க் கோயில் கும்பாபிஷேகத்துக்கு, அய்யனார் கோயில் குதிரை எடுப்புக்கு, ஊர்க்காரர் ஆபரேஷன் செலவுக்கு என்று கேம்பில் நோட்டுப் புத்தகம் தூக்கிக்கொண்டு அறை அறையாகப் போகிற வழக்கம் நம்மிடம் உண்டு. நல்ல எண்ணம்தான். ஆனால் போலீஸ் கண்ணுக்கு அது அனுமதியில்லாத வசூல். ஊருக்குக் கொடுக்க வேண்டுமா, ஊரில் இருக்கிற உங்கள் வீட்டுக்கு அனுப்பி, வீட்டார் கையால் கொடுக்கச் சொல்லுங்கள்.

பஸ் காசு இல்லை, சம்பளம் வரவில்லை என்று பள்ளிவாசல் வாசலில் நின்று கையேந்தினால் அது பிச்சை. அமீரகத்தில் பிச்சைக்கு மூன்று மாதச் சிறை, 5,000 திர்ஹம் அபராதம். நோன்பு வந்தால் இதற்கென்றே போலீஸ் சுற்றும். சாப்பாட்டுக்கு வழி இல்லாவிட்டால் சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்பு திறக்கிற இஃப்தார் பந்தலுக்குப் போய் உட்காருங்கள். யாரும் மதம் கேட்க மாட்டார்கள். வயிறார சாப்பிடலாம்.

அந்தப் பந்தலில் உட்காரும்போது ஒரே ஒரு விஷயம். தட்டு முன்னால் வந்துவிட்டது என்று கை வைக்காதீர்கள். பழம், மோர், பிரியாணி எல்லாம் பரப்பி வைத்துவிட்டு அத்தனை பேரும் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். பாங்கு சொன்ன பிறகு முதலில் பேரீச்சம்பழம், தண்ணீர். அவர்கள் எடுத்த பிறகு நீங்கள் எடுங்கள். வலது கையால். சில ஊர்களில் அந்த நேரத்துக்குப் பீரங்கி வெடிப்பார்கள். துபாயில் உண்டு, குவைத்தில் நாயிஃப் அரண்மனையில் உண்டு. புதிதாகப் போனவர்கள் குண்டு விழுந்துவிட்டது என்று பதறி ஓட வேண்டாம்.

பதற வேண்டியது அதற்கு முந்தைய அரை மணி நேரத்துக்குத்தான். எல்லோரும் நோன்பு திறக்க வீட்டுக்குப் பறக்கிற நேரம். பசி, தாகம், தூக்கமில்லாத கண். வண்டிகள் பாய்ந்து வரும். துபாயில் போலீஸும் தன்னார்வலர்களும் சிக்னலில் நின்று பேரீச்சம்பழமும் தண்ணீரும் பொட்டலமாகக் கொடுப்பது எதற்கு? அந்த வேகத்தைக் குறைக்கத்தான். மஃரிபு நெருங்கும்போது சாலையைக் கடக்காதீர்கள். சைக்கிளில் டெலிவரி பார்க்கிற தம்பிகளே, ஓரமாக நில்லுங்கள். ஆர்டர் தாமதமானால் திட்டுதான் விழும்.

இன்னொரு பேச்சு. உடன் வேலை பார்க்கும் முஸ்லிம் பெண் ஒரு நாள் மறைவாகத் தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டீர்களா? "ஏன் இன்னிக்கு நோன்பு இல்லையா?" என்று கேட்டுவிடாதீர்கள்! மாதவிடாய் நாளில் பெண்களுக்கு நோன்பு கிடையாது. கர்ப்பிணி, நோயாளி, பயணி இவர்களுக்கும் விலக்கு உண்டு. நாலு பேர் முன்னால் இதைக் கேட்பது அந்தப் பெண்ணை எவ்வளவு கூச வைக்கும்? நம் வீட்டுப் பெண்ணிடம் அந்நிய ஆண் கேட்பானா? கேட்டால் விடுவோமா? ஆண்களிடமும் கேட்காதீர்கள். யார் நோன்பு, யார் இல்லை என்பது உங்கள் வேலை இல்லை.

வீட்டு வேலைக்குப் போகிற பெண்களை நினைத்தால்தான் எனக்கு அடிவயிறு கலங்குகிறது. மற்றவர்களுக்கு நோன்பு மாதத்தில் வேலை குறையும். அமீரகத் தனியார் கம்பெனிகளில் எல்லா மதத்தவருக்கும் தினம் இரண்டு மணி நேரம் குறைப்பு. குவைத்தில் வாரத்துக்கு 36 மணி நேரம். வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்கோ அந்த மாதம்தான் இடுப்பு ஒடிகிற மாதம்! மத்தியானத்திலிருந்து இஃப்தார் சமையல். ராத்திரி முழுக்க விருந்தாளிகள். பாத்திரம் கழுவி நிமிர்ந்தால் விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாட்டுச் சமையல். விடிந்தால் பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். எப்போது படுப்பாள்?

தங்கச்சி, போகிற நாளிலேயே வீட்டு எஜமானி 'மாமா'விடமும் எஜமான் 'பாபா'விடமும் முகத்தைப் பார்த்துக் கேட்டுவிடு. "பகலில் நான் எங்கே சாப்பிடலாம்? எத்தனை மணிக்குத் தூங்கலாம்?" குவைத்தில் 2015-இல் வந்த 68-ஆம் எண் சட்டம் வீட்டு வேலைக்கு ஒரு நாளைக்கு 12 மணி நேரம்தான் உச்சவரம்பு என்கிறது. இடையில் ஓய்வும் வாரம் ஒரு நாள் விடுப்பும் தரச் சொல்கிறது. நோன்பு மாதத்துக்கு அது பொருந்தாது என்று யாராவது சொன்னால் பொய். ஊரில் இருக்கிறவர்களே, அடையாளம் சொல்கிறேன், கவனியுங்கள். தினமும் பேசியவள் வாரக்கணக்கில் பேசவில்லை. பேசினாலும் பக்கத்தில் யாரோ நிற்கிற மாதிரிப் பேசுகிறாள். குரல் கம்மிப்போய், தூக்கத்தில் பேசுகிற மாதிரி இருக்கிறது. "பெருநாள் முடியட்டும், சொல்றேன்" என்று எல்லாவற்றையும் தள்ளிப் போடுகிறாள். பெருநாள் வரைக்கும் காத்திருக்காதீர்கள். அப்போதே தூதரகத்துக்குச் சொல்லுங்கள்.

தேதியில் ஏமாறாதீர்கள்! நம்ம காலண்டரைப் பார்த்து, "நோன்பு நாளைக்குத்தானே" என்று அங்கே பகலில் டீக்கடை தேடுகிறவர்கள் உண்டு. பிறை பார்ப்பதில் பல வருஷம் வளைகுடா நமக்கு ஒரு நாள் முன்னால். 2025-இல் சவுதியிலும் அமீரகத்திலும் மார்ச் 1 முதல் நோன்பு, தமிழ்நாட்டில் மார்ச் 2. பெருநாளும் அப்படித்தான், அங்கே மார்ச் 30, இங்கே 31. ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். 2030-இல் ஜனவரியில் ஒன்று, டிசம்பர் கடைசியில் ஒன்று என்று இரண்டு நோன்பு தொடங்கும். டிக்கெட் போடும் முன் அந்த நாட்டின் தேதியைக் கேளுங்கள்.

விசிட் விசாவில் போகிறவர்களுக்கு இதில் இன்னொரு குழி. நோன்பில் அலுவலகங்கள் சீக்கிரம் மூடும். பெருநாளுக்குச் சேர்ந்தாற்போல விடுமுறை. "விசா மாத்திடலாம், கவலைப்படாதே" என்று சொன்ன ஆள் போனை எடுக்க மாட்டார். அமீரகத்தில் விசா முடிந்து தங்கினால் நாளுக்கு 50 திர்ஹம். பெருநாள் விடுமுறைக்குள் முடிகிற விசா என்றால் நோன்பு பாதியிலேயே அந்த வேலையை முடித்துவிடுங்கள்.

பார்சல் வாங்கி வைக்கிறீர்களா? பிரித்துப் பார்த்தீர்களா? நோன்புக்கு பிரியாணி மசாலா, குருமாப் பொடி என்று அக்கம்பக்கத்தார் அன்பாகத்தான் கொடுத்தனுப்புவார்கள். அதில் கசகசா இருந்தால்? அமீரகம், சவுதி, கத்தாரில் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும்! அரைத்துப் போட்டிருந்தாலும் அதே கதைதான். யார் கொடுத்தாலும், என்ன இருக்கிறதென்று தெரியாத பொட்டலத்தைத் தொடாதீர்கள்.

சவுதியில் டிரைவர் வேலைக்குப் போகிற தம்பிகள் ஒன்றை மறக்கக் கூடாது. மக்கா நகருக்குள் முஸ்லிம் அல்லாதவர் நுழையக் கூடாது. நோன்பின் கடைசிப் பத்து நாள் அங்கே ஜனக்கடல். போன் காட்டுகிற வழியை நம்பிப் போய் சோதனைச் சாவடியில் நிற்காதீர்கள். சாலைப் பலகையைப் படியுங்கள்.

குடும்பத்தோடு அபுதாபி பெரிய பள்ளிவாசலைப் பார்க்கப் போகிறீர்களா? தாராளமாகப் போங்கள், எல்லா மதத்தவரையும் விடுவார்கள். ஆண்களுக்கு அரைக்கால் சட்டை கூடாது. பெண்கள் தலையை மூட வேண்டும், கையையும் காலையும் மூட வேண்டும். நோன்பில் பார்வை நேரம் மாறும், கேட்டுக்கொண்டு போங்கள்.

மலேசியாவுக்குப் போகிறவர்களுக்கு இவ்வளவு கெடுபிடி இல்லை. அங்கே நோன்புச் சட்டம் முஸ்லிம்களுக்குத்தான். அதற்காக நோன்பாளி முன்னால் போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை. புருணை அப்படி இல்லை, பகலில் ஹோட்டலில் உட்கார்ந்து சாப்பிட யாராலும் முடியாது, பொட்டலம் வாங்கி அறைக்குப் போக வேண்டியதுதான். மாலத்தீவில் வேலைக்குப் போகிறவர்களும் ரிசார்ட்டை வைத்து எடை போடாதீர்கள். ஊர் மக்கள் இருக்கிற தீவுகளில் பகலில் கடை மூடியிருக்கும்.

இவ்வளவுக்கும் பிறகு, தெரியாமல் செய்து மாட்டிக்கொண்டால்?

உடனே நிறுத்துங்கள். வாயில் இருப்பதைக் கைக்குட்டையில் துப்பிவிட்டு பாட்டிலைப் பைக்குள் வையுங்கள். நெஞ்சில் கை வைத்து "ஆசிஃப்" என்று சொல்லுங்கள், மன்னிப்பு என்று அர்த்தம். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். தெரியாமல் செய்தவனை அவர்களும் விரட்டி விரட்டிப் பிடிப்பதில்லை. சிரிக்காதீர்கள், அந்தப் பையன் சிரிப்புதான் கேலியாகப் பட்டது. வாக்குவாதம் வேண்டாம். யாரையும் வீடியோ எடுக்க வேண்டாம். போலீஸ் வந்துவிட்டால் அட்டையைக் காட்டுங்கள், அட்டை வராதவர் பாஸ்போர்ட், விசா நகல் காட்டுங்கள். இந்த நகல் எப்போதும் சட்டைப் பையில் இருக்க வேண்டும். அரபியில் எழுதிய காகிதத்தில் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள். கம்பெனிக்குப் பேச வேண்டும், இந்தியத் தூதரகத்துக்குப் பேச வேண்டும் என்று பணிவாகச் சொல்லுங்கள்.

போனை வாங்கி வைத்துக்கொண்டால் எண்ணெல்லாம் அதோடு போய்விடும். கம்பெனி மந்தூப் எண், கேம்ப் அறைத் தோழன் எண், அந்த நாட்டு இந்தியத் தூதரக எண், சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை எண். நான்கையும் ஒரு காகிதத்தில் பேனாவால் எழுதிப் பர்ஸில் வையுங்கள். அமீரகத்துக்குப் போகிறவர்கள் இந்தியத் தூதரகத்தின் உதவி மைய எண்ணையும் சேர்த்து எழுதுங்கள்: 800 46342. அங்கிருந்து கூப்பிடக் காசில்லை.